சீட்டெடுத்த கைக்கு ஒரு கூறு

போன மாதம் இளம் போதகர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. ஓய்வு பெற்ற ஆளாயிற்றே, சும்மாதான் இருப்பாள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'புதிய சபையைத் தொடங்குவது எப்படி' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி ஜெபசீலன் திரையில் வண்ண வண்ணமாக அம்புக்குறிகளைக் காட்டினார். எல்லா அம்புகளும் மேல்நோக்கியே போயின. முடித்துவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்து, நீங்கள் சபை தொடங்கியபோது உங்கள் தரிசனம் என்னவாக இருந்தது என்று பணிவாகக் கேட்டார். முதல் ஞாயிறு என் தரிசனத்தில் தென்பட்டது ஒரு பூனை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்வதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பூனைக்குப் பிறகு நடந்ததைச் சொல்ல முடியாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் கோபம். அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இறையியல் கல்லூரியில் எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொடுத்தார்கள். பழவேற்காட்டில் இரண்டும் செல்லுபடியாகவில்லை. குருப்பட்டம் வாங்கிய பிறகு பட்டணத்துப் பெரிய சபைகளில் உதவிப் போதகராக இருந்தேன். பெண் போதகர் என்றால் ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கியம், துக்க வீடு ஆகிய இடங்களுக்குத்தான் அனுப்புவார்கள். துக்க வீட்டில் நான் நன்றாகப் பேசுவேன் என்று ஒரு பெயர் கிடைத்தது. பிறகு, யாரும் போக விரும்பாத ஓர் இடத்துக்கு ஆள் தேடியபோது எல்லாருக்கும் என் பெயர்தான் முதலில் ஞாபகம் வந்ததாம்.

அந்த இடம், பழவேற்காட்டு ஏரிக்கரையில் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகிற வழியில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பு. எல்லாரும் குவார்ட்டர்ஸ் என்பார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் வீடுகளை வரிசையாகக் கட்டினார்களே தவிர, யாருக்குப் பக்கத்தில் யார் என்று பார்க்கவில்லை. முன்வரிசையில் ஏரியில் வலை போடுகிற மீனவக் குடும்பங்கள். அடுத்து, உள்ளே நெல் வயல்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். அவர்களுக்கும் பின்னால், கருவேல முள்ளை ஒட்டி இருளர் குடும்பங்கள். மீனவர்களில் கிறிஸ்தவர்கள் பழைய குப்பத்துக் கோயிலுக்குப் போனார்கள். வயல் வேலைக்காரர்களில் கிறிஸ்தவர்கள் பஸ் பிடித்துப் பொன்னேரிப் பக்கம் போனார்கள். இருளர்கள் எங்கும் போகவில்லை. அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை. இவர்கள் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் ஒரே சபையாக உட்கார வைப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

கொடுத்தவர் எங்கள் சேகரத் தலைவர் பாக்கியநாதன் ஐயர். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுற்றுவட்டாரத்துப் போதகர்களுக்கெல்லாம் அவர் மேலதிகாரி. ஸ்கூட்டரில் வருவார். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொள்வார். டீயைச் சாசரில் ஊற்றி, சாசரிலிருந்து மறுபடி டம்ளரில் ஊற்றி, நன்றாக ஆறிய பிறகு குடிக்காமல் விட்டுவிடுவார். முடியாது என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. 'பார்ப்போம்' என்பார். அதில் மூன்று வகை. இழுத்துச் சொன்னால் ஒத்துக்கொண்டார். சுருக்கமாகச் சொல்லிவிட்டு எழுந்தால் நடக்காது. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னால், நீ செய்துகொள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். இந்த மூன்றாவது வகை அபூர்வம். என் காலத்தில் அவர் வாயால் நான் அதை ஒரே தடவைதான் கேட்டேன்.

அவரிடம் நான் கற்றது பாத்திரத்தைப் பிடிக்கும் விதம். திருவிருந்தில் நாங்கள் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பருகுவோம். ஒருவர் பருகியதும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பட்டணத்தில் நான் இதை ஏனோதானோவென்று செய்துகொண்டிருந்தேன். என்னைப் பழவேற்காட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் பாக்கியநாதன் ஐயர் பாத்திரத்தில் வெறும் தண்ணீரை ஊற்றி, அவருக்கே பரிமாறச் சொன்னார். துணி மூன்றாக மடித்திருக்க வேண்டும். கட்டைவிரல் விளிம்புக்கு வெளியே, துணி சுற்றிய ஆள்காட்டி விரல் உள்ளே. ஒரே துடைப்பு. கால்வாசித் திருப்பு. இருமல்காரர் பருகினாலும் ஒரு துடைப்பு, பேராயர் பருகினாலும் ஒரு துடைப்பு. நான் ஒருதரம் பயத்தில் இரண்டு முறை துடைத்துவிட்டேன். அவர் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது தடவை துடைச்சீங்கன்னா, அன்னைக்கு நீங்க பண்ணின பிரசங்கம் அதுதான். மத்ததெல்லாம் ஜனங்க மறந்துடுவாங்க," என்றார்.

கூடுவதற்குக் கிடைத்த இடம் ஏலக்கூடம். மீன் ஏலம் விடுவதற்காக யாரோ நல்லவர்கள் கட்டிக் கொடுத்தது. படகு கரையேறும் இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு முள்காடே இருந்ததால் ஒரு மீன்கூட அங்கே ஏலம் போனதில்லை. மீன் கொட்டக் கட்டிய சிமெண்ட் மேடை எங்களுக்குப் பலிபீடம் ஆயிற்று. வலைகளை அங்கே போட்டு வைத்திருந்ததால் மீன் இல்லாவிட்டாலும் வாசனை இருந்தது. அதை நம்பி வந்ததுதான் மேற்படி பூனை. முதல் ஞாயிறு ஒன்பது மணிக்கு அங்கி மாட்டிக்கொண்டு நான் நின்றேன். பூனை மட்டும் வந்து மேடைமேல் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர், ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டார்.

மறுநாள் தாவீது நைனா எனக்குப் புத்தி சொல்ல வந்தார். மீனவர்களில் மூத்தவர். தெலுங்கு எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்பது உண்டு. இவரை ஊரே நைனா என்றது.

"இன்னா ஐயரம்மா, ஒம்பது மணிக்குக் கோயில் வெச்சா யாரு வருவா? அந்நேரம் வலையில மீனு கீது, அடுப்புல சோறு கீது. ரெண்டையும் வுட்டுட்டு வரணும்னா ஏசுசாமியே நேர்ல வந்து கூப்புடணும்."

அதன் பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டேன். வலை கரைக்கு வந்து, மீன் விற்று, குளித்து முடித்த பிறகுதான் ஆராதனை. மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டோம். என் வீட்டுக்காரர் ரயில்வேக்காரர். அதைப் பழைய இரும்புக் கடையில் ரசீதோடு வாங்கி, ரசீதைப் பல வருஷம் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஐயரம்மா என்பது ஐயரின் மனைவிக்கு உள்ள பெயர். குவார்ட்டர்ஸில் யாரும் பெண் போதகரைப் பார்த்ததில்லை. ஆகவே நான் ஐயரம்மா ஆனேன். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த இவர் ஐயர் ஆகிவிட்டார். ஜெபம் செய்யச் சொன்னால் மனுஷருக்கு வேர்த்துக் கொட்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆசீர்வாதத்துக்கு வருகிறவர்களிடம், "அது அந்தக் கவுண்டருங்க," என்று என் பக்கம் கையைக் காட்டுவார்.

கூட்டம் மெல்லச் சேர்ந்தது. இருளர் வீடுகளிலிருந்து முதலில் வந்தவர் கன்னியம்மா. ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கிறவர். தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து நகர்ந்து, சேற்றைத் தடவி, அகப்பட்டதைப் பறி என்கிற ஓலைக் கூடைக்குள் போடுவார்கள். பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அப்படிக் கடித்தபடியே பேசிப் பழகியதால், கரைக்கு வந்தாலும் கன்னியம்மா வாயைப் பாதிதான் திறப்பார். ஆனால் சொல்லுவது அரைகுறையாக இருக்காது. உங்கள் இடத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று என்னை முதலில் விசாரித்தவர் அவர்தான். எல்லாருக்கும் ஒரே பாத்திரம் இருக்கிறது என்றேன். அதைக் கொஞ்ச நாள் மனதில் போட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டோடு வந்து ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்.

பாத்திரத்தில்தான் வம்பும் வந்தது. யார் முதலில் முன்னால் வந்து முழங்காலிடுவது என்று மீனவக் குடும்பங்களுக்குள்ளேயே போட்டி. ஒரு ஞாயிறு இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, நடுவில் தோளோடு தோள் முட்டிக்கொண்டு, இருவரும் நகராமல் நின்றார்கள். நான் அப்பத்தை ஏந்திக்கொண்டு காத்திருந்தேன். பூனையும் காத்திருந்தது. ஆராதனை முடிந்ததும் நைனா வந்தார்.

"ஏரியில சண்டை இல்லாம எப்படிப் பொழைக்கறோம்? பாடு போட்டுத்தானே? இங்கயும் பாடு போட்டுடலாம், ஐயரம்மா."

ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி வராது. முகத்துவாரத்துப் பக்கம் போட்டால் அள்ளலாம். சில இடங்களில் வலையைக் கழுவி எடுத்துக்கொண்டு வரலாம். நல்ல இடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடத்தில் போட்டவர் நாளை ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். சீட்டை எடுக்கிறவர் மட்டும் பாடு உள்ளவராக இருக்கக் கூடாது. சம்பந்தமில்லாத கைதான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த கைக்குக் கூலியும் உண்டு. முதலில் கரையேறும் வலையிலிருந்து, ஏலத்துக்குப் போவதற்கு முன்பே, அந்தக் கைக்கு ஒரு கூறு மீன். எங்கள் கரையில் சீட்டு எடுத்தவர் டீக்கடை பாய். மத்தியானம் அவர் கடையில் மீன் குழம்பு மணத்தால், காலையில் சீட்டு எடுத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இதைவிட நியாயமான ஏற்பாடு வேறென்ன இருக்கிறது? நைனா சீட்டுகளை எழுதி ஓர் அன்னக்கூடையில் போட்டார். பாடு இல்லாத கை என்று என் வீட்டுக்காரரையே எடுக்கச் சொன்னார்கள். அவர் டிக்கெட் கொடுக்கிற லாகவத்தில் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். கூறு என்று எதையும் கேட்கவில்லை, கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. வந்த வரிசைப்படி குடும்பம் குடும்பமாகப் பாத்திரத்துக்கு வந்தார்கள். முட்டல் மோதல் இல்லை. பாக்கியநாதன் ஐயரிடம் சொன்னேன். அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டவர்கள்தானே என்று சொல்லி, நீளமாக ஒரு பார்ப்போம் போட்டார். நான் ஏதோ சாதித்துவிட்டவள் போல நடந்துகொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து, ஏரிக்கரையில் கன்னியம்மா என்னை நிறுத்தினார்.

"ஐயரம்மா, எங்க பாடு எப்போ வரும்?"

சீட்டுதானே, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வரும் என்றேன்.

"வராது. கூடையக் கொட்டிப் பாருங்க."

போய்க் கொட்டினேன். சீட்டுகளில் இருந்தவை எல்லாம் மீனவக் குடும்பத்துக் கல்யாணமான ஆண்களின் பெயர்கள். யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. பாடு என்றால் ஏரியில் கணக்கில் வருவது அவர்கள்தான். நைனாவைச் சீட்டு எழுதச் சொன்னால் அவருக்குத் தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறார். புருஷனை இழந்த மீனவப் பெண்கள் அதில் இல்லை. வயல் வேலைக் குடும்பங்கள் இல்லை. இருளர்கள் இல்லவே இல்லை. அவர்கள் வாராவாரம் பாடு உள்ளவர்கள் எல்லாரும் முடித்த பிறகு கடைசியில் வந்து பருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அவர்களுக்கு அதிர்ஷ்டம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரிலேயே நியாயமான வழக்கத்தைத் தேடிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தேன். அதன் வேலியும் கூடவே வந்துவிட்டது.

கன்னியம்மாவிடம் திரும்பிப் போனேன். அவர் கோபப்படவில்லை. பறியிலிருந்த இறாலைத் தரம் பிரித்துக்கொண்டே பேசினார்.

"ஒரே பாத்திரம்னு சொன்னீங்க. ஒரே பாத்திரந்தான், நா இல்லன்னு சொல்லல. ஆனா கடைசின்னா எங்க ஆயாவும் கடைசிதான், அவங்க ஆயாவும் கடைசிதான். அதுக்கு ஞானஸ்நானம் எதுக்கு? சும்மாவே கடைசியா இருந்துக்கலாமே."

சேகரத் தலைவர் பார்வையிட வருகிற ஞாயிறு வரை பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு தன் ஆட்கள் வர மாட்டார்கள் என்றும் சொன்னார்.

நைனாவிடம் பேசினேன். அவரும் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துகொண்டே வருகிறது. மீன் வருஷா வருஷம் குறைகிறது. இருக்கிற கொஞ்சத்துக்கு வேலி இந்தப் பாடுதான்.

"கையில எறா புடிக்கறவங்களுக்கு ஏதும்மா பாடு? இங்க குடுத்தா நாளைக்கு ஏரியில கேப்பாங்க. அப்புறம் எங்க புள்ளைங்க இன்னா பண்ணும்? அவங்க பேரு கூடையில வுழுந்துச்சுன்னா, நாங்க பழைய கோயிலுக்கே பூடறோம்."

ஆக, இவர்கள் பெயருக்குச் சீட்டுப் போட்டால் மீனவர்கள் போய்விடுவார்கள். போடாவிட்டால் கன்னியம்மாவும் அவர் கூட வந்தவர்களும் போய்விடுவார்கள். நான் பூனையோடு மிஞ்சுவேன்.

பாக்கியநாதன் ஐயரிடம் இதையும் சொன்னேன். அவர் ஸ்கூட்டரின் பெட்டியைத் திறந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கப்புகள். தட்டில் வைத்து, உட்கார்ந்த இடத்திலேயே ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம், யார் முதல் யார் கடைசி என்ற பேச்சே இருக்காது என்றார். பல சபைகளில் இது நடக்கிறது, தப்பொன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஜனங்கள் உட்கார்ந்திருந்த இடங்கள் எனக்குத் தெரியும். முன்னால் ஒரு கூட்டம், நடுவில் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம். எழுந்து வந்து ஒரே பாத்திரத்தில் வாய் வைக்கிற நேரம் ஒன்றுதான் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது.

"இப்படிச் செஞ்சா சண்டை இருக்காதும்மா."

"சபையும் இருக்காது, ஐயா."

அவர் அட்டைப்பெட்டியை மூடினார். பார்வையிட வரும் ஞாயிறு பெட்டியோடு வருவதாகவும், அன்று பாத்திரத்தில் தகராறு வந்தால் கப்புக்கு மாற வேண்டும் என்றும், இல்லையேல் இரண்டு ஆராதனையாகப் பிரிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிவிடுவதாகவும் சொன்னார். வேறு வழி பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். சுருக்கமாக ஒரு பார்ப்போம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அவர் வரும் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை வீடு சந்திக்கப் போய்விட்டு வந்தேன். சமையலறையில் இறால் தொக்கு கொதித்துக்கொண்டிருந்தது. கன்னியம்மா கொடுத்துவிட்டுப் போனார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பெரிய பெரிய இறால். சுகத்திலும் துக்கத்திலும் சாப்பிடத் தெரிந்த மனிதர், ரசித்துச் சாப்பிட்டார். விடிந்ததும் பார்த்தால் டியூட்டிக்குக் கிளம்பி நிற்கிறார். இன்றைக்குப் போய் டியூட்டியா, சீட்டு யார் எடுப்பது என்று சத்தம் போட்டேன். கவுண்டரில் ஆள் இல்லையாம் என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தார்.

ஏலக்கூடம் நிறைந்திருந்தது. பாக்கியநாதன் ஐயர் முன்வரிசையில், மடியில் ஹெல்மெட், அதன்மேல் அட்டைப்பெட்டி. கடைசி வரிசையில் கன்னியம்மா. பிரசங்கம் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அப்பமும் பாத்திரமும் தயாரானதும் நைனா அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது, எடுக்க ஆள் இல்லை. என் கையில் பாத்திரம். டீக்கடை பாய்க்கு அது வியாபார நேரம். பெரிய ஐயரைக் கூடையில் கை விடச் சொல்வது மரியாதையில்லை. முன்வரிசைகளைப் பார்த்தார், எல்லாருக்கும் பாடு இருந்தது. பாடு இல்லாத கைகள் பின்னால் நிறைய இருந்தன. நைனாவுக்கு ஏதோ யோசனை தோன்றி முகம் மலர்ந்தது.

"கன்னிம்மா, நீ வா. ஒனக்குத்தான் பாடு கெடையாதே. நீ எடு."

அவர் குத்திப் பேசவில்லை. காரியம் ஆக வேண்டும் என்றுதான் சொன்னார். கன்னியம்மா எழுந்து வந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூடைக்குள் விட்டார். சேற்றில் தடவுகிற மாதிரி தடவி, ஒவ்வொன்றாக எடுத்து நைனாவிடம் கொடுத்தார். நைனா படித்தார். முதல் சீட்டே நைனாவின் குடும்பம். அது தானாக வந்ததா, அந்த விரல்கள் தேடி எடுத்தனவா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

எல்லாம் எடுத்து முடிந்தது. நைனா தன் குடும்பத்தோடு வந்து முழங்காலிடப் போனார். கன்னியம்மா நகரவில்லை. பாத்திரத்துக்கு நேர் எதிரே நின்றார்.

"ஆச்சு கன்னிம்மா, போய் ஒக்காரு."

"கூறு?"

"இன்னா கூறு?"

"எடுத்த கைக்குக் கூறு, நைனா. ஏலத்துக்கு முன்னாடி. பாய்க்குக் குடுக்கறீங்க இல்ல?"

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாழ்நாள் பூராவும் அந்த வழக்கத்தைக் காத்து நின்றவர் நைனா. எடுத்த கைக்குக் கூறு இல்லை என்று இன்றைக்கு அவர் வாயால் சொல்லிவிட்டால், நாளைக்கு ஏரியில் அவர் பேச்சை யார் கேட்பார்கள்?

"இங்க மீனு இல்லியேம்மா," என்றார் கடைசியில்.

"இருக்கறதுல குடுங்க," என்று கன்னியம்மா பாத்திரத்தைக் காட்டினார். "பாடு கேக்கல நா. கூலிதான் கேக்கறேன்."

நைனா என்னைப் பார்த்தார். நான் பாக்கியநாதன் ஐயரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்ப்போம்," என்றார் மெதுவாக.

கன்னியம்மாவும் அவர் வீட்டாரும் முழங்காலிட்டார்கள். அப்பம் கொடுத்தேன், பாத்திரம் கொடுத்தேன். வீட்டார் ஆளுக்கொரு மிடறு பருகினார்கள். கடைசியாகக் கன்னியம்மா பாத்திரத்தை என் கையோடு சேர்த்துப் பிடித்துச் சாய்த்தார். சாய்த்தவர் சீக்கிரம் விடவில்லை. இத்தனை வாரத்துக் கூலியும் அதில் அடக்கம் போலிருந்தது. அவர் எழுந்து போனதும் நைனா என் முன்னால் முழங்காலிட்டார். கூடம் முழுக்க என் கையிலிருந்த துணியைப் பார்த்தது. அங்கே இருந்த ஒவ்வொருவரும் அந்தத் துணியில் எதையோ எதிர்பார்த்தார்கள். மூன்று மடிப்பு. ஒரு துடைப்பு. கால்வாசித் திருப்பு. நீட்டினேன்.

நைனா விளிம்பைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பின்பு திரும்பி, கடைசி வரிசைக்குப் போய்க்கொண்டிருந்த கன்னியம்மாவைப் பார்த்தார். அவர் எழுந்து போனால் அவரோடு பாதிக் கூடம் எழுந்து போகும்.

"கூறுன்னா ஒரு கூறு, கன்னிம்மா," என்றார். "நீ பாதி வலையவே அவுத்துக்கினு பூட்டியே."

சொல்லிவிட்டுப் பருகினார். அவருக்குப் பின்னால் ஒருவர் விடாமல் எல்லாரும் வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல வேளை, எல்லாரும் பாத்திரத்தில் மிச்சம் இருக்கிறதா என்ற கவலையில் இருந்தார்கள்.

பாக்கியநாதன் ஐயர் அன்றைக்கு டீயைக் குடித்தார். 'ஒரே சபை, ஒரே ஆராதனை' என்று எழுதி அனுப்பினார். அட்டைப்பெட்டியை மறந்தது போல விட்டுவிட்டுப் போனார். அந்தக் கப்புகளில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் பச்சைப்பயறு முளைக்கவைத்தார்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் திரும்பினார். அந்த டியூட்டியை அவரே கேட்டு வாங்கியிருக்கிறார் என்பது அவருடைய சக ஊழியர் மூலம் எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. யார் சொல்லிக் கேட்டீர்கள் என்றேன். "எறா நல்லா இருந்துச்சு இல்ல?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் வயல் வேலைக்குப் போகிற ரெபேக்காள், நானும் ஒருதரம் எடுக்கிறேன் என்று எழுந்தார். அதற்கடுத்த வாரம் புருஷனை இழந்த ஒரு மீனவப் பெண். பாடு இல்லாதவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சீட்டு எடுப்பது என்றும், எடுத்த கையும் அதன் குடும்பமும் முதலில் பருகுவது என்றும் தானாகவே ஒரு முறை அமைந்தது. யாருக்கு எந்த வாரம் என்பதைக் கன்னியம்மா பார்த்துக்கொண்டார். ஏரியில் கன்னியம்மாவுக்கு இன்றைக்கும் பாடு இல்லை. அதையும் மாற்றிவிட்டதாக நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அது எனக்கு வலிக்கிற விஷயம். ஆனால் ஏலக்கூடத்துக்குள் பாடு உள்ளவர்கள் எத்தனை சீட்டுப் போட்டாலும், இரண்டாவதாகத்தான் வர முடிந்தது.

இது அவர்களுக்கு மெல்லத்தான் புரிந்தது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது, முழங்காலிட்டால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும் அவருக்கு.

"ஐயரம்மா, ஒரே ஒரு வாரம் எனக்குப் பாடு இல்லன்னு வெச்சிக்கயேன். நானும் ஒரு தபா எடுத்துப் பாக்கறேன்."

அது என் கவுண்டர் இல்லை என்று அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கன்னியம்மா இறாலைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நைனா நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். கன்னியம்மா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, பாதி வாயில், மெதுவாகச் சொன்னார்.

"பாப்போம்."

இன்னா சொல்றா என்று நைனா என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

அந்த ஞாயிறு தண்டவாளத்தைத் தட்டுவதற்கு முன்பே நைனா வந்துவிட்டார். முன்வரிசைப் பக்கம் போகவில்லை. இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கடைசி வரிசைக்குப் போய் நின்றார். கன்னியம்மா நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்.